முகத்துக்கு முந்தைய காட்சி

இறந்தவரின் முகம் திரையில் வந்ததும் நர்மதா இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிடுகிறாள். வலது கை மவுஸை நகர்த்தி வெட்டுவதையும் ஒட்டுவதையும் தொடர்கிறது. முகம் போனதும் கை மடிக்குத் திரும்புகிறது. முடிந்த படத்தைக் கடைசியாக ஓட்டிப் பார்க்கும்போதும் அப்படித்தான். பயம் என்று நினைத்தால் அவளுக்குக் கோபம் வரும். “பாத்துக்கிட்டே இருந்தா மூஞ்சி பேச ஆரம்பிச்சிரும். பெறகு எங்க வெட்டணும்னு அதுவே சொல்லும். அது சரிப்படாது” என்பாள்.

கேரளத்தின் இடுக்கி மலையில், சக்குபள்ளத்தில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் அவளுடைய அறை. சுவர், திரைச்சீலை, கணினியின் மின்விசிறி எல்லாவற்றிலும் ஏலக்காய் மணம் ஏறியிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து வீடியோக்களும் வெட்டித் தருகிறாள். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களில் அவளைச் சாவு வீட்டுப் படத்துக்காகத்தான் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர முடியாத சாவுகள் இங்கே நிறைய. அவளோடு வேலை செய்யும் மலையாளப் பெண் லிஜி கேமராவோடு போய் நேரலையில் காட்டுவாள். பிறகு நர்மதா அதிலிருந்து அரை மணிநேரப் படம் ஒன்று செய்வாள். கல்யாணப் படத்தைவிட இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டால், “கல்யாண வீடியோவ எவன் முழுசாப் பாக்கான்? சாவு வீடியோவத் தனியா உக்காந்து கடைசி வரைக்கும் பாப்பாக” என்கிறாள்.

கட்டப்பனையில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவள். படம் வெட்டுவதை, கைப்பேசியில் பழைய மௌனப் படங்களைப் பார்த்துப் பழகினாள். பேசாத படத்துக்குப் பாஷை வேண்டாமே என்பது அவள் சொல்லும் காரணம். ரயில் ஒருபுறமும், தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற ஓடும் ஆள் மறுபுறமும் மாறி மாறி வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது அல்லவா? அதே முறையில் பாடை மேட்டிலிருந்து இறங்குவதையும் சுடுகாட்டில் விறகு அடுக்குவதையும் மாற்றி மாற்றி வெட்டுகிறாள். “சேச்சி, மரிச்ச ஆளு எங்கயும் ஓடிப்போக மாட்டாரு. பின்னே எதுக்கு இந்த ஸ்பீடு?” என்று லிஜி கேட்டதற்கு நர்மதா சிரிக்கவில்லை. வெட்டையும் மாற்றவில்லை.

ரஷ்யாவில் நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் செய்து பார்த்ததை யார் வந்தாலும் சொல்வாள். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு முகம். அதற்கு முன்னால் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் முகத்தில் பசி தெரிந்ததாம். சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் தெரிந்ததாம். முகம் ஒன்றுதான். அவரே வெவ்வேறு இடங்களில் எடுத்த ஆட்களை அடுத்தடுத்து ஒட்டி, ஒரே தெருவில் சந்தித்தவர்களாக்கியும் காட்டினாராம். இந்த இரண்டாவது வித்தை சாவு வீட்டுக்கு ஆகாது என்பது நர்மதாவின் கட்டுப்பாடு. அந்த வீட்டில் இல்லாத எதுவும் படத்தில் வரக்கூடாது.

அவளைக் கலைஞர் என்று அழைக்க அவசரப்பட வேண்டியதில்லை. எல்லாச் சாவுக்கும் ஒரே புல்லாங்குழலைத்தான் போடுகிறாள். படம் முடியும்போது ரோஜா இதழ்களையும் உதிர விடுகிறாள். கேட்கிறார்கள், போடுகிறேன் என்கிறாள். அவளுக்குப் பெரிய தவறு நேர்ந்ததும் இந்த வித்தைகள் தெரியாததால் அல்ல.

ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த பெரியமுத்து இந்த மழைக்காலத்தில் இறந்தார். ஒரே மகன் நல்லதம்பி, அப்பாவிடம் சொல்லாமல் ஷார்ஜாவுக்கு வண்டி ஓட்டப் போனவன். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாவுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மழையில் நேரலையும் பாதியில் நின்றுவிட்டது. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். படத்தை அனுப்பிய மறுநாள் நல்லதம்பி நர்மதாவை அழைத்தான். படம் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னான்.

“யக்கா, அப்பா மூஞ்சியில அந்தக் கோவம் அப்படியே இருக்கு. செத்த பெறகும் அது போகல. பதினாறாம் நாளுக்கு லீவு குடுத்திருக்கானுக. இதப் பாத்த பெறகு நான் எப்படி வந்து அந்த வீட்டுல நிக்கிறது? வரலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

நர்மதா படத்தைத் திறந்தாள். பங்காளி மகன் கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றுகிறான். அடுத்து பெரியமுத்துவின் முகம். சுடுகாட்டில் குடைகள் மறைத்ததால், காலையில் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தபோது எடுத்த முகத்தை அவள் அங்கே வைத்திருந்தாள். மகன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவன் நிற்பதை அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது. மூடிய கண்களால் ஒருவர் முறைக்க முடியும் என்று அவளே நம்பியிருக்க மாட்டாள். சூப்புக் கிண்ணக் கதையை ஊருக்கெல்லாம் சொல்பவளுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் எளியது. அந்தக் கோபம் அவள் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது.

முகத்துக்கு முன்னால் இருந்த குடக் காட்சியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பெரியமுத்துவின் மனைவி முந்தானையால் துடைக்கிறாள். பிறகு முகம். அதை மட்டும் நல்லதம்பிக்கு அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான். குரல் இளகியிருந்தது. இதில் அப்பா சாந்தமாக இருக்கிறாரே, இது எப்போது எடுத்தது என்று கேட்டான். அறையில் இருந்த லிஜி, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் வேலை முடிந்திருக்கும். ஆனால், கேட்டவனிடம் மறைப்பது வேறு, கேட்காதவனிடம் சொல்லாமலிருப்பது வேறு என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

“அதே மூஞ்சிதான் தம்பி. முன்னாடி இருந்ததத்தான் மாத்தினேன்.”

“அப்ப கோவம் இல்லையா?”

“கோவமும் நான் வச்சது, சாந்தமும் நான் வச்சது. அவரு சும்மா படுத்திருக்காரு.”

லிஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லதம்பி போனை வைத்துவிடுவான் என்றுதான் நர்மதா எதிர்பார்த்தாள். அவன் வைக்கவில்லை.

“முன்னாடி என்ன வச்சாலும் அவரு அதப் பாக்கிற மாதிரி இருக்குமாக்கா?”

“இருக்கும்.”

“அப்ப என்னைய வைங்க.”

அந்த வீட்டில் இல்லாத எதுவும் வரக்கூடாது என்பதை அவள் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவன் அனுப்பிய காட்சி வந்தது. தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நேராக நிற்கிறான். ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. மகன் ஏதோ ஒரு சுவரைப் பார்த்தான். அப்பா தனியாகக் கிடந்தார். இந்த முறை அவளே அவனை அழைத்தாள்.

“காமிராவப் பாக்காத தம்பி. போன மேல எங்கயாச்சும் சாத்தி வையி. நீ கீழ பாரு.”

“கீழ எங்கக்கா?”

“ஒன் முழங்காலுக்குப் பக்கத்துலதான அப்பா படுத்திருக்காரு. அங்க பாரு.”

“சரிக்கா” என்று வைத்தான்.

இரண்டாவது காட்சி மாலையில் வந்தது. தங்கும் அறையில் அடுக்குக் கட்டில் ஒன்றின் மேல்தட்டில் போனைச் சாத்தியிருக்கிறான். நின்றவன் மெல்லத் தலை குனிகிறான். பார்வை முழங்கால் அருகே போய் நிற்கிறது. அழவில்லை. அவனுக்குப் பின்னால், எதிர்க் கட்டிலின் கீழ்த்தட்டில், சட்டைகளைப் பாதி அடுக்கிய பெட்டி ஒன்று திறந்து கிடக்கிறது.

நர்மதா அதைப் பெரியமுத்துவின் முகத்துக்கு முன்னால் ஒட்டினாள். புல்லாங்குழலை எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஓட்டினாள். நல்லதம்பி குனிந்தான். பெரியமுத்துவின் முகம் வந்தது.

அவளுடைய இடது கை மடியிலேயே இருந்தது.