அப்பாவின் மாலையைக் கழற்றிய நாள்

எங்கள் குடும்பத்தில் யாரும் தேதி சொல்லிப் பேச மாட்டார்கள். ‘அப்பாவுக்கு முதல் தடவை வந்தப்போ’, ‘ரெண்டாவது தடவைக்கு முன்னால’ என்றுதான் எல்லாவற்றையும் அடையாளம் சொல்வார்கள். பள்ளித் தேர்ச்சி அட்டைகளையும் பழைய நாள்காட்டிகளையும் வைத்து நான் பின்னாளில் சரிபார்த்ததில், முதல் தடவை வந்தது 1983 தீபாவளிக்கு முந்திய வாரம். பினாங்குப் பாலத்தின் தூண்கள் கடலில் எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முப்பத்தாறு வயது.

சுங்கை பினாங்கில் எங்கள் வீடு; கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. அன்று ஃபெர்ரியில் நின்றுகொண்டிருந்தவரின் கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என்னவென்று கேட்டதற்கு, பதில் எச்சிலாகத்தான் வந்ததாம்.

பக்கவாதம் என்பது கிழவர்களின் நோய் என்று உறவினர் அனைவரும் உறுதியாக நம்பினார்கள். ஆகவே அப்பாவுக்கு வந்தது பக்கவாதம் இல்லை, நரம்பு இழுத்துக்கொண்டது என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்கும் அதுவே வசதியாக இருந்தது. மூன்று வாரத்தில் கையைத் தூக்கினார். நான்காவது வாரம் அந்தக் கையாலேயே சிகரெட் பற்ற வைத்தார்.

மருத்துவமனையில் எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கும் அறிவுரைத் தாளை அப்பாவுக்கும் கொடுத்திருந்தார்கள். உப்பைக் குறைக்கவும், மாலையில் உலாவவும், நேரத்தோடு உறங்கவும். வாரம் ஒரு ஷிப்ட் மாறும் மனிதருக்கு எது மாலை, எது உறங்கும் நேரம் என்று அதில் இல்லை. அப்பா அதை மடித்து, ஆடிய மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

பிரஷர் பார்க்கப் போன கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி இருந்தார். தாதியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நடுத்தர வயது, சிரிக்கவே மாட்டார். அம்மாவோடு நானும் போயிருந்தேன். அப்பா வெளியே புகை பிடித்துக்கொண்டிருந்தார்.

“தாளில இருக்கிறதை விடுங்கோ. இவர் எதுக்குப் பயப்பிடுறவர்? அதைச் சொல்லுங்கோ” என்றார் மிஸ்ஸி.

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சாமிக்கு மட்டுந்தான் மிஸ்ஸி. எனக்கெல்லாம் பயப்படுற ஆளே இல்ல.”

“அப்ப சாமியிட்டயே விடுவம்.”

மிஸ்ஸி சீட்டு எதுவும் எழுதித் தரவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவே தண்ணீர்மலை முருகனுக்குத் தைப்பூசத்தில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அம்மா எப்படிப் பேசி அவரை அங்கே கொண்டுவந்தார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அலகு குத்தக் கூடாது, பால்குடம் போதும் என்பது மிஸ்ஸியின் ஒரே நிபந்தனை. ஒரு மண்டல விரதம் என்று முடிவாயிற்று. மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா வந்து அப்பாவின் கழுத்தில் உருத்திராட்ச மாலையைப் போட்டார்.

மாலை ஏறியதும் சிகரெட் போனது. பீர் போனது. கருவாடும் சோயாச் சாறும் போயின. வேலை முடிந்து ஃபெர்ரியில் இறங்கியதும் அப்பா பேருந்து ஏறாமல் கோயிலுக்கு நடந்து போய், அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். பாயில் படுத்து அயர்ந்து தூங்கினார். மருத்துவமனையில் கொடுத்த பிரஷர் மாத்திரைகள் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. எந்த ஷிப்ட் ஆனாலும் கும்பிட்டு எழுந்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். சமையல் முதலில் சாமிக்குப் படைக்கப்பட்டது. படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது; படைத்ததைக் குறை சொல்லவும் கூடாது. அம்மா வாரா வாரம் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார். அப்பா வாய் திறக்காமல் சாப்பிட்டார். எனக்குத்தான் அழுகையாக வந்தது.

“கோழி எப்பம்மா?”

“இடும்பன் பூசையில.”

தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் வீட்டில் இடும்பனுக்குப் பூசை செய்து, கோழிக்கறி, பீர், சுருட்டு எல்லாம் படைத்து, மாலையைக் கழற்றினால்தான் விரதம் முடியும். அந்தக் கோழிக்காகவே நான் முருகனை நம்பினேன்.

1984 தைப்பூசம். அப்பா பால்குடத்தோடு மலைப்படி ஏறியதைப் பார்த்தவர்கள், இவருக்கா நோய் என்றார்கள். மூன்றாம் நாள் பெரியப்பா கோழியோடு வந்தார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். பெரியப்பாவை அம்மா மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, மாலையக் கழட்ட வேணாம். மூணு வருசம்னு வேண்டிக்கிட்டேன்.”

“மூணு வருசம்னா மூணு தைப்பூசம்மா. நடுவுல மனுசன் சாப்பிட வேணாமா? என்னாடா தம்பி, பொண்டாட்டி உன்ன சாமியாரா ஆக்கிட்டாளா?”

அப்பா சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும்தான்.

“மிஸ்ஸி சொன்னாங்க மாமா, இப்படியே இருந்தா திரும்ப வராதுன்னு...”

“மிஸ்ஸி கிளினிக்கப் பாக்கட்டும்லா. சாமி குணமாக்கிட்டாரு. இன்னும் நோயாளின்னு சொன்னா, சாமிய நம்பலன்னு ஆயிடும். பூசைய நிறுத்தினா இடும்பன் சும்மா விடுவானா?”

அம்மா அம்மியில் மசாலா அரைக்கப் போனார்.

கறி கொதித்தது. வாழையிலையில் படையல் போட்டார்கள். இடும்பனுக்குச் சுருட்டு கிடைக்கவில்லை என்று பெரியப்பா சிகரெட் பெட்டி ஒன்றை வைத்தார். தீபாராதனை முடிந்ததும் அப்பாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். படையலிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து, முதலில் இடும்பன் படத்துக்குக் காட்டி, பிறகு தம்பியின் உதட்டில் வைத்தார்.

அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். அம்மா “வேணாங்க” என்றார், சத்தமாகக்கூட இல்லை.

“சாமிக்குப் படைச்சதும்மா. வேணாங்கலாமா?” என்றார் பெரியப்பா.

உப்பில்லாத சோற்றை அத்தனை நாள் அப்பாவுக்கு ஊட்டிய அதே சொல்தான். அம்மா உள்ளே போய்விட்டார். நான் இரண்டு தடவை கோழி வாங்கிச் சாப்பிட்டேன். பெரியப்பாவைப் போல நல்லவர் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மறுவாரமே கோயில் நடை நின்றது. கும்பிடுவது நின்றதும் மாத்திரையும் நின்றது. தட்டுக்குப் பக்கத்தில் அவை அப்படியே கிடந்தன. அம்மா தண்ணீரோடு எடுத்துப் போனால், “நல்லா இருக்கிறவனுக்கு என்னாத்துக்கு?” என்பார். கருவாடு திரும்பி வந்தது. நானும் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை, பங்குனி உத்திரம் கழிந்த வாரம், தொழிற்சாலை கேண்டீனில். இம்முறை கையோடு காலும் பேச்சும் போயின. அப்பா திரும்ப எழவில்லை. பாலம் திறந்த ஆண்டில், அதைப் பார்க்காமலே, பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மருத்துவமனையில் கிடந்த முதல் நாளைப் பற்றி. கட்டிலின் கால்மாட்டில் பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மா அழவில்லை. கைப்பையைத் திறந்து அந்த உருத்திராட்ச மாலையை எடுத்தார். அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் அதைக் கழுத்தில் போட்டு, மணிகளை நெஞ்சின் மேல் ஒழுங்காகப் பரப்பிவிட்டார். பெரியப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதே எனக்கு மாதங்கள் எல்லாம் மனப்பாடம். அம்மா பதற்றத்தில் தவறாகக் கணக்குப் பண்ணிவிட்டார் என்று நினைத்தேன். யாருக்கும் கேட்காதபடி அவர் காதில் சொன்னேன்:

“அம்மா, தைப்பூசம் முடிஞ்சிருச்சும்மா. அடுத்ததுக்கு இன்னும் ரொம்ப மாசம் இருக்கு.”