டிரைவரின் தூக்கமும் உலகத்தின் ஞாபகமும்

டிரைவர் ஐம்பத்திரண்டு வருஷத்தில் செய்த காரியங்களில் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றை: பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் போட்ட ஒரு குட்டித்தூக்கம்.

பட்டறையில், சக்கரங்களைக் கழற்றி ஜாக்கியில் நிறுத்தியிருந்த பேருந்தில், ஸ்டியரிங்கில் கைபோட்டு வாய் பிளந்து உறங்கியவரை எவனோ படம் பிடித்தான். ஓர் இணையதளம் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, ‘பயணிகள் உயிரோடு விளையாட்டு’ என்று செய்தி போட்டது. அன்று முதல் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த வாய்தான்.

இப்போது பள்ளிக்கூட வேனுக்கு ஆள் எடுக்கிறார்கள். தலைமையாசிரியை பெயரைத் தேடிப் பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லையாம்.

“நீக்கச் சொல்லித் தேடித் தர்ற கம்பெனிக்கே மனு போடலாம் மாமா,” என்றான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மைத்துனன்.

‘இத்தகவல் பொதுமக்களுக்குத் தேவையா?’ என்று கேட்டது மனுப் படிவம். டிரைவர் யோசனையில் ஆழ்ந்தார். எங்கோ கண்காணாத குளிர்ந்த அறையில், ஆயிரம் இயந்திரங்கள் முணுமுணுத்துத் தன் தூக்கத்தைத் தாலாட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. எழுப்பத்தான் வேண்டுமா?

“கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறார் பாரு,” என்றாள் மனைவி. “தேவையில்லன்னு போடுடா.”

இருபதாம் நாள் பதில் வந்தது. இனி பெயரைத் தேடினால் செய்தி வராது. ‘தூங்கும் டிரைவர்’ என்று தேடினால் வரும். அதாவது தூக்கம் இருக்கும், தூங்கியவர் இருக்கமாட்டார். வேதாந்தம்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தலைமையாசிரியை திரையைப் பார்த்தார். “உங்க பேர்ல ஒண்ணுமே வரலயே! சுத்தமான ஆள்தான்.”

சுத்தமான ஆள் என்றதும் டிரைவருக்குத் தான் யாரோ போலிருந்தது. கால் தரையில் பாவவில்லை. வாய் தானாகவே திறந்தது.

“‘தூங்கும் டிரைவர்’னு போட்டுப் பாருங்க மேடம்.”

பார்த்தார். முகம் சுருங்கியது. “வண்டி ஓடிட்டு இருந்துச்சா?”

“சக்கரமே இல்ல மேடம். பட்டறைக்காரரக் கேளுங்க.”

உடனே போன் போட்டுக் கேட்டார். “அந்தத் தூக்கமா?” என்று ஸ்பீக்கர் சிரித்தது. “ஆறு சக்கரமும் மாட்டி முடிச்சும் மனுஷன் எந்திரிக்கலயே!”

“திங்கக்கிழமை ஆறரைக்கு வந்துடுங்க,” என்றார் தலைமையாசிரியை, சிரிப்பை அடக்கியபடி.

வீட்டில் மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். “கஷ்டப்பட்டு மறச்சத நீங்களே காட்டுனீங்களா மாமா?”

“படத்த வெட்டுனவன் காட்டுனா பாதி வண்டிதான்டா தெரியுது,” என்றார் டிரைவர். “நான் காட்டுனாத்தான் சக்கரம் இல்லாததும் தெரியும்.”