கிராணியும் டாக்டர் மேல் விழுந்த பழியும்

மிருக டாக்டரிடம் கவுண்டரில் வேலை பார்ப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: வருகிற நோயாளி வாய் திறந்து குறை சொல்லாது. குறை சொல்வதெல்லாம் கூட வருகிற மனிதர்கள்தான். தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில் ஒரு சின்ன மிருக க்ளினிக்கில் நான் பல வருஷம் பெயர் கூப்பிட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, திட்டும் வாங்கிக்கொண்டேன். நாய் பூனையைப் பறிகொடுத்துவிட்டு, 'அந்த டாக்டர் என்னமோ தப்பு பண்ணிட்டான்' என்று இன்னும் புழுங்கிக்கொண்டிருக்கும் என் இனத்தவரே, இது உங்களுக்காகத்தான். நான் அந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன்.

முயலுக்கு வந்த சண்டை

கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் ஓர் அம்மா முயல் ஒன்றைக் கொண்டுவந்தார். வயிற்றுப்போக்கு. டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் அந்த அம்மா திரும்பி வந்தார், கையில் வெறும் கூண்டு. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். நல்லா ஓடிக்கொண்டிருந்த முயலாம், எங்கள் மருந்து உள்ளே போனதுதான் தாமதமாம். ரோட்டில் போகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "என்ன சாப்பாடு கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்த சாலட் இலையாம். அடித்த அன்றைக்கே பறித்ததாம். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மருந்துதான் கொன்றது என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த மருந்து என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே அதே அம்மா, அதே கூண்டு, உள்ளே புது முயல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அன்னிக்கு அவ்ளோ ஏசிட்டுப் போனீங்களே அம்மா, இப்ப மறுபடியும் இங்கயே வந்திருக்கீங்க?" என்றேன். கூண்டை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "வேற எங்க போறது? மலையில நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஏசறதும் உங்களத்தான், காட்டறதும் உங்ககிட்டதான்."

செத்தால் டாக்டர், பிழைத்தால் சாமி

டாக்டரைப் பற்றிச் சொல்லவில்லையே. சீனர், ஈப்போக்காரர். எஸ்டேட் ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். தமிழில் அவர் கோபப்பட்டு நான் கேட்டதில்லை, அதற்கான வார்த்தைகளை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்னவோ. ஊசி போடுவதில் கஞ்சர். எங்கள் ஆட்களுக்கோ ஊசி போட்டால்தான் வைத்தியம்.

லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் காய்ச்சல் கண்ட நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் மாத்திரை மட்டும் கொடுத்தார். பெரியவருக்கு முகம் தொங்கிவிட்டது. "இந்த மாத்திரையில நாய் செத்துச்சுன்னா நீங்கதான் பொறுப்பு டாக்டர்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனார். சில நாள் கழித்து வாழைப்பழச் சீப்போடு சிரித்த முகமாக வந்தார். நாய் எழுந்து ஓடுகிறதாம். முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டு விபூதி பூசினாராம், அதுதான் காப்பாற்றியதாம். பழம் கோயிலில் வைத்துப் படைத்த மிச்சம். டாக்டர் ஒரு பழத்தை உரித்துத் தின்றுகொண்டே என்னிடம் சொன்னார்: "செத்தா நானு, பொழச்சா முனியாண்டி. பழம் நல்லா இருக்குலா."

பெரட்டு எடுக்கும் நாய்

இனி என் நாய்க்கு வருகிறேன். என் நாய் என்று நான் சொல்கிறேனே தவிர, எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கேட்டால் ஒவ்வொரு வீடும் அப்படித்தான் சொல்லும். குட்டியாக லோரிக்கு அடியில் கிடந்ததைத் தூக்கி வந்தவள் நான். படுப்பது என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால். சாப்பாடு மட்டும் ஊர்ப் பொது. காலையில் பனி விலகுவதற்கு முன்பே எழுந்து, லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் போய் நிற்கும். கதவு திறந்து ஏதாவது விழுந்ததும் அடுத்த வீடு. யார் வீட்டிலாவது கதவு திறக்கவில்லை என்றால் குரைத்து எழுப்பும். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற எஸ்டேட் குமாஸ்தா, அந்தக் கிராணி மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, 'கிராணி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எஸ்டேட்டில் நிஜமான கிராணி ஒருவர் இருந்தார். அளந்து பேசுகிற மனிதர், சட்டைப் பையில் எப்போதும் பேனா. அவர் காதில் விழாமல் நாயைக் கூப்பிட நாங்கள் படாத பாடு பட்டோம். ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். அஞ்சலைக்கா, என் பக்கத்து வீடு, வாசலில் நின்று "ஏய் கிராணி, இங்க வாடா, திருட்டுப் பயலே!" என்று கத்தவும் அவர் வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிராணியார் நாயைப் பார்த்தார், அது நக்கிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேரு வச்சது தப்பில்லம்மா. ஆனா இத்தன வருஷமா வேல பாக்கறேன், ஒரு வீட்டுலயும் எனக்கு இப்படி ஒரு தட்டு வச்சதில்ல."

சோறு வந்தது என்றார்

கிராணிக்கு வயதான பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் தடவிப் பார்த்து, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது. இதை ஊருக்கே சொல்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "நாளைக்கு கிராணிக்கு ஆபரேஷன், யாரும் ஒண்ணும் கொடுத்துராதீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பொழுது சாயவும் பின்பக்கம் கட்டிப் போட்டேன். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, அது முனகுவது காதில் விழாமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்தேன்.

காலையில் வேனில் என் மடியில் தலை வைத்தபடிதான் வந்தது. டாக்டர் உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நான் கவுண்டரில் உட்கார்ந்தேன், எத்தனையோ பேரை உட்கார வைத்த அதே கவுண்டர். கதவு திறந்தபோது டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடினேன். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது, கிராணியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. மயக்கத்தில் வாந்தி எடுத்ததாம், நெஞ்சுக்குள் போய் அடைத்துவிட்டதாம். ராத்திரி முழுக்கக் கட்டிப் போட்ட நாய், வயிற்றில் என்ன இருந்தது வாந்தி எடுக்க? கத்தினேன். அழுதேன். அந்த ஸ்ட்ராபெரி அம்மாவைவிட மோசமாகக் கத்தியிருப்பேன். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றார். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார்: "விஜயா, சோறு வந்துச்சு."

லயத்துத் தீர்ப்பு

முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், தேயிலை முடிகிற இடத்தில், கிராணியைப் புதைத்தோம். லயமே வந்தது. தீர்ப்பும் அங்கேயே எழுதியாயிற்று: மருந்தைக் கூட்டிப் போட்டுவிட்டான், மறைக்கத்தான் சோறு என்கிறான். நானும் அதைத்தான் நம்பினேன். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர் என்று மனதில் ஒரு பக்கம் சொல்லும். அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா என்று மறுபக்கம் கேட்கும். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

வேலையை விட முடியவில்லை. வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதாது. அதைவிட, அங்கே இருந்தால்தான் உண்மை தெரியும் என்று ஒரு வீம்பு. டாக்டர் மருந்தை ஏற்றும்போதெல்லாம் அவர் கையையே பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். முன்பெல்லாம் மத்தியானம் அவர் வாங்கிவரும் மீ நூடுல்ஸை இரண்டாகப் பிரித்துத்தான் சாப்பிடுவோம். இப்போது அவர் பாதியை என் மேசையில் வைப்பார், நான் தொடமாட்டேன், சாயங்காலம் அதைத் தெரு நாய்களுக்குப் போடுவார். எத்தனையோ கேள்விகள் கேட்டேன், எதற்கும் அவர் வாதாடவில்லை. அதுவே எனக்கு ஒப்புக்கொண்டது மாதிரி இருந்தது. நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அஞ்சலைக்கா வாசலில் நின்று கேட்பார்: "புள்ள மாதிரி வளத்தத கொன்னவன்கிட்ட இன்னும் வேலைக்குப் போறியா விஜி? எப்படித்தான் உனக்கு மனசு வருதோ!"

படையல்

அதே அஞ்சலைக்காதான் படையல் போட வேண்டும் என்று கிளம்பினார். நாய்க்கா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்ம வீட்டுச் சோத்தத் தின்னு வளந்ததுதானே தம்பி" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். படையல் என்றால் உங்களுக்குத் தெரியும், போனவர்களுக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கிண்ணத்தோடு மண்மேட்டைச் சுற்றி நின்றோம். அக்கா முதலில் குனிந்து, நெத்திலிக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை வாழை இலையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைசியா இதத்தான் கொடுத்தேன். நீ கட்டிப்போட்டிருந்தியே விஜி, அன்னிக்கு. மொகத்தப் பாக்க முடியல. ஒரே ஒரு கை."

என் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த வீட்டுச் சரசு அண்ணி இட்லியை வைத்தபடி, "நானும் ஒண்ணே ஒண்ணுதான், பாவம்னு" என்றார். கடைசி வீட்டு வங்காளதேசத்து ரஹீம் பேப்பரில் சுற்றிய பரோட்டாவைப் பிரித்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "அக்கா கொடுக்கல நெனச்சேன். நான் பாதி கொடுத்தேன்" என்றார். கிராணியாரும் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து, பேனாவுக்குப் பக்கத்திலிருந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்தார். பெரட்டுக்குப் போகிற வழியில் டீயில் நனைத்துக் கொடுத்தாராம். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இலையில் ஒரு ஆள் சாப்பாடு சேர்ந்திருந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுத்ததாக நினைத்திருக்கிறார்கள். கடைசியில் அஞ்சலைக்காதான் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு சொன்னார்: "ஒரு கைச் சோறு யாரையாவது கொல்லுமா? டாக்டருதான் பாத்திருக்கணும். எப்படியோ, நம்ம புள்ள பசியோட போகல. அது போதும்."

பாதி மீ

மறுநாள் டாக்டர் வரும் வரை க்ளினிக் வாசலிலேயே நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், இட்லி, பரோட்டா, பிஸ்கட் வரைக்கும். சொல்லும்போதே அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் அப்பாடா என்று மூச்சு விடுவார் என்று நினைத்தேன். இல்லை. உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். சோற்றைப் பார்த்ததும் நான் இன்னும் வேகமாக அதை வெளியே எடுத்திருக்க வேண்டும், கொஞ்சம் தடுமாறிவிட்டேன், அந்தக் கொஞ்ச நேரத்தை விடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ என்றார். அன்றிலிருந்து எஸ்டேட் நாய்க்கு ஆபரேஷன் என்றால் முதல் நாளே கொண்டுவந்து க்ளினிக்கில் கட்ட வேண்டும் என்பது சட்டமாயிற்று. லயத்தில் இதற்கும் திட்டு விழுந்தது.

அன்று மத்தியானம் மீ வந்தது. பாதியை என் மேசையில் வைத்தார், எடுத்துச் சாப்பிட்டேன். "அன்னிக்கு நான் அவ்ளோ கத்தினேனே டாக்டர், சோறுதான்னு நீங்க அடிச்சுப் பேசியிருக்கலாமே, ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் குச்சியைக் கீழே வைத்தார். "நீ பொய் சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். சோறும் பொய் சொல்லாது. நான் யாரப் போயி ஏசறது?"

இப்போது டாக்டர் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார், க்ளினிக் இருந்த இடத்தில் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் விற்கிறார்கள், என் கவுண்டர் நின்ற மூலையில் சுற்றுலாப் பயணிகள் வரிசை பிடித்து நிற்கிறார்கள், கிராணி போன பிறகு எங்கள் லயத்தில் காலையில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட மிருக வைத்தியம் இவ்வளவுதான்: நாய்க்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், அதற்கு எத்தனை வீடு என்று கேட்டுவிட வேண்டும்.