ஒன்பதாம் மாடியில் ஒரு காலி வீடு

ஒரே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவனை ஊர் 'வீட்டு முதலாளி' என்கிறது. அந்த முதலாளி தன் வீட்டுக்கே போனாலும் கேட்டில் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் பலருக்கும் இது பழகியிருக்கும். நாங்கள் இருப்பது நகரத்துக்குள்ளே கரமனையில், பூர்வீக வீட்டில். நகரத்து எல்லையில், ஐ.டி. கம்பெனிகள் பக்கம் இருக்கும் கழக்கூட்டத்து ஃபிளாட், ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு கடனில் வாங்கியது. குடித்தனம் இருந்தால் பாங்க் தவணை அது பாட்டுக்குப் போகும். ஆள் இல்லாவிட்டால் என் பென்ஷனில்தான் கை வைக்க வேண்டும். அதனால் 'காலி' என்ற சொல்லைக் கேட்டாலே பாஸ்புக்கைத் தேடி எடுத்துவிடுவேன்.

ஆணி

முதலில் வந்தவன் நாகர்கோவில் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. பாச்சிலருக்குக் கொடுக்கலாமா என்று உங்களைப் போலவே நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், புதுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

அவன் காலி செய்த அன்று போய்ப் பார்த்தால், சுவரில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற இடத்திலும் இப்படியே நல்ல பேர் வாங்கு என்று முதுகில் தட்டினேன். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னான்: "சார், கண்ணாடி மாட்ட வழியில்லாம இவ்வளவு நாளும் தரையில உக்காந்துதான் ஷேவ் பண்ணுனேன். அடுத்த வீட்டுல வாடகையைக் கேக்குறதுக்கு முன்னால ஆணியைத்தான் கேக்கப் போறேன்."

யானை

அடுத்து வந்தது கோயம்புத்தூரில் படித்த ஒரு கோட்டயத்துப் பெண். ரிப்பேர் வீட்டுக்காரர் செலவா, குடியிருப்பவர் செலவா என்பது நமக்குள் தீராத வழக்கு. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று போன் செய்தாள். வெளிச்சுவர் விரிசல், என் செலவுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்பதாம் மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கி வேலை செய்ய ஆள் கிடைக்க வேண்டுமே.

ஒருவழியாக ஆளைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஜன்னலை உரசிக்கொண்டு மேகம் போய்க்கொண்டிருந்தது. அவள் டீ கிளாஸோடு கட்டிலில் உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் வாடிவிட்டது. மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், வேண்டாம், இப்ப அடைக்கண்டா. கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து ஒரு ஆனையாயிட்டு வருது. வாலு மாத்திரம் பாக்கி. மழை தீரட்டும்."

காயாத பெயிண்ட்

அவள் கல்யாணமாகிப் போனதும் வீடு காலியானது. எனக்கு முழங்கால் வலி, அதனால் பெயிண்டர்களைப் பார்த்துக்கொள்ள என் மனைவி மீனாட்சி போனாள். கரமனைத் தெருவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. வாசலில் நின்றால் எதிர்வீடு, கொல்லையில் நின்றால் கிணறு. பக்கவாட்டில் ஜன்னல் என்பதே கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது அவ்வளவுதான்.

ஃபிளாட்டிலோ மூன்று பக்கமும் ஜன்னல். மழை விட்ட காலையில் கிழக்கே பொன்முடி நீலமாகத் தெரியுமாம். மேற்கே கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதாம். கீழே ஹைவேயில் லாரிகள் சத்தமே இல்லாமல் நகருமாம். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரிச் சொல்வாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று பெயிண்டரைப் போனில் கேட்டேன். அவர் சொன்னார்: "சாரே, பணி என்னைக்கோ தீர்ந்து. மாமிதான் சுவரு காயலைன்னு சொல்லி ஜன்னலை அடைக்க விட மாட்டேங்குது."

புரோக்கர்

தவணை பென்ஷனைக் கடிக்க ஆரம்பித்தது. புரோக்கரிடம் சொல்லிவைத்தேன். அவர் அனுப்பிய குடும்பங்கள் எல்லாம் போன வேகத்திலேயே திரும்பின. கடைசியில் அவரே கோபமாகப் போன் செய்தார். வீட்டில் ஆளை வைத்துக்கொண்டு தன்னை எதற்கு அலைக்கழிக்கிறேன் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வீடு காலி இல்லை என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாராம்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வெறுந்தரையில் பாயை விரித்து, ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கோபமாகத்தான் வந்திருந்தேன். உட்கார்ந்ததும் கடல்காற்று முகத்தில் பட்டது, கேட்க வந்ததில் பாதி மறந்துபோனது. இத்தனை வருஷம் இவளைச் சுவர்களுக்கு நடுவிலேயே வைத்திருந்தோமே என்று மனசு கனத்தது. காலியாகக் கிடக்கிற வீட்டை ஏன் காலி இல்லை என்றாய் என்று மட்டும் கேட்டேன். மலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலின்னு யார் சொன்னா? நான் இருந்தேனோல்லியோ."

யாருக்கு விடலாம் என்று ஊரெல்லாம் விசாரிக்கிற சக வீட்டுக்காரர்களே, எனக்கு அமைந்த ஆள் வாடகையும் தருவதில்லை, காலி செய்வதாகவும் இல்லை, தவணையைக் கட்டிவிட்டு இப்போது நானும் கூடவே பஸ் ஏறுகிறேன்.