‘நான்தான் டீச்சர்’ என்றது யார்?

போன வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வந்த பஸ் எல்லாம் பிதுங்கி வழிந்தது. யாரோ முதுகில் பட்டென்று ஒரு அடி வைத்தார்கள். கோபமாகத் திரும்பினால், அவள்! பள்ளிக்கூட ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தெற்றுப்பல் அப்படியே இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை நினைத்துத்தான் நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஹாஸ்டல் கோட்டை மலையடியில் இருந்தது. குரங்கு உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குப் படிப்பு நேரம் ரத்து. சும்மா இருப்போமா? மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஓட்டு மேல் வீசி நாங்களே குரங்குகளை வரவழைப்போம். ஒருநாள் ஒரு குரங்கு வார்டன் அறைக்குள் புகுந்து, அவருடைய சவுரிமுடியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்து உச்சிக்குப் போய்விட்டது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வார்டன் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி, மல்லாட்டை போட்டது யார் என்று தெரியும்வரை யாருக்கும் சோறு கிடையாது என்றுவிட்டார். சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அப்போது ஒருத்தி முன்னால் வந்து, ‘நான்தான் டீச்சர்’ என்றாள். அது இவள்தான். ஒரு வாரம் ரசம் அண்டா தேய்க்க வேண்டும் என்று வார்டன் தண்டனை கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, மளிகைக் கடையைக் கொழுந்தனிடம் கொடுத்துவிடச் சொல்லி எல்லோரும் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். அன்று வெயிலில் இவள் வந்து நின்றதை நினைத்துக்கொண்டேன். கடையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கடைதான் எனக்குச் சோறு போடுகிறது.

இதையெல்லாம் சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அடிப்பாவி, இன்னாடி உளர்ற? முன்னால போயி நின்னது நீதானே?”

“நானா? அந்த வாரம் பூரா ரசம் அண்டா தேய்ச்சது நீதானேடி?”

“தேய்ச்சது நீ. பாவமா இருக்குதேன்னு நான் கூட வந்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும்தான் தேய்த்தேன். ஆனால் அவளுக்கு ஒத்தாசையாக அல்லவா போனேன்? தேங்காய் நார், கரி ஒட்டிய விரல், எல்லாம் கண்முன்னே நிற்கிறது. முன்னால் போனது யார் என்பது மட்டும் குழம்பிவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

“சிங்கவரத்துக்குப் போறேன்டி, எம் பொண்ணுக்குப் பாத்த மாப்ள வீட்டுக்கு. பத்திரிகை அடிச்சப்புறம் பொண்ணு வேலைய விடணும்ன்றாங்க. அவ அழுவுறா. கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டு வரணும். எங்க வீட்டுக்காரரு வரமாட்டேன்னுட்டாரு. காலைலேர்ந்து உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன். பாத்தா நீயே நிக்கிற!”

போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். சிங்கவரம் பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“சொல்லுடி, அது நீதானே?”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் உதடு துடித்தது.

“ஆமாண்டி, நான்தான். தைரியமா போ.”

சாயங்காலம் போன் வந்தது. “சொல்லிட்டேன்டி” என்றவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அவள் பெண் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் சொன்னது பொய்யா, நிஜமா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. அவள் வழக்கம்போல என்னை நினைத்துக்கொள்வாள். நான் இனிமேல் யாரை நினைத்துக்கொள்வது?

போன வாரம் கடையில் ஒரு தகராறு. பழக்கதோஷத்தில் கண்ணை மூடினேன். வெயிலில் ஒருத்தி முன்னால் வந்து நின்றாள். முகம்தான் தெரியவில்லை, ஆனாலும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.