கணக்கில் சேராத ஏழு மாதம்

என் அண்ணன் இருபத்திரண்டு வயதில் டெரிட்டோரியல் ஆர்மியில் சேர்ந்தார். முழுநேரப் பட்டாளம் அல்ல அது. கூப்பிட்டால் போய்ச் சீருடை மாட்ட வேண்டும். வேண்டாம் என்று அனுப்பினால் ஊருக்கு வந்து அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். அண்ணன் இரண்டு வருஷம் காஷ்மீரில் இருப்பார், வந்து எட்டு மாதம் சிங்கம்புணரியில் நிலக்கடலை பயிரிடுவார். மறுபடி கடிதம் வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படியே இருபத்து மூன்று வருஷம்.

கடைசியாக வந்தபோது இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. பென்ஷனை நம்பித்தான் இருந்தார். வந்தது மறுப்புக் கடிதம். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னிடம் அதைக் கொண்டுவந்து நீட்டினார். வாசித்துச் சொன்னேன்.

சிவகங்கையில் மனு எழுதித் தரும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் அண்ணனிடம் நிதானமாகச் சொன்னார்.

“சீருடையில இருந்த நாள்தான் சேரும் தம்பி. வீட்டுல இருந்த காலம் சேராது. பதினஞ்சு வருஷம் வேணும். ஒங்களுக்குப் பதிமூணு வருஷம் ஏழு மாசந்தான் வருது. ஒரு வருஷம் வரைக்கும் கொறைஞ்சா மன்னிக்கச் சொல்லிக் கேக்கலாம். ஒங்களுக்கு அதுக்கு மேலயும் அஞ்சு மாசம் கொறையுதே.”

“திரும்பக் கூப்பிட மாட்டாகளா?” என்று அண்ணன் கேட்டார்.

“வயசு முடிஞ்சிருச்சுல்ல.”

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து அண்ணனின் பணிப் பதிவேட்டின் நகலை வரிவரியாகப் பார்த்தேன். எங்காவது கூட்டலில் தப்பிருக்காதா என்ற நப்பாசை. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிடத்தில், ‘சொந்த வேண்டுகோளின் பேரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்’ என்று இருந்தது. ஏழு மாதம். தேதியை இன்னொரு முறை பார்த்தேன்.

அந்த மாதம்தான் திருப்பத்தூர் ரோட்டில் என் வீட்டுக்காரர் மீது லாரி மோதியது. எனக்குக் கைக்குழந்தை. மதுரை ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், மலஜலம் அள்ளியதும் அண்ணன்தான். ஐந்தாம் மாதம் என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். எனக்கு வாரிசு வேலைக்கான உத்தரவு கைக்கு வரும்வரை அண்ணன் கூடவே அலைந்தார். “எங்க பிரிவையே அனுப்பிட்டாக” என்றுதான் அப்போது சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையிலேயே போய்க் கேட்டேன்.

“ஏண்ணே பொய் சொன்னீக?”

அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “உண்மையச் சொன்னா நீ போகச் சொல்லியிருப்ப. விடு ஆத்தா.”

“அந்த ஏழு மாசம் இருந்திருந்தா இன்னைக்கு மன்னிப்புக்குள்ள வந்திருக்குமே.”

“அன்னைக்கு அது யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேன். ஒங்க மதினிகிட்ட மட்டும் சொல்லிராத.”

நான் சொல்லிவிட்டேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அதன் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகள் பெரியவளானபோதுகூட அண்ணன் மட்டும்தான் வந்தார்.

ஆனாலும் மனுப் போட்டோம். இரண்டு முறையும் திரும்பி வந்தது.

அண்ணன் இப்போது கொத்தமங்கலத்தில், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

மதினியிடம் சொல்லிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். முழங்கால் மாத்திரையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் காரைக்குடிக்குத் திரும்பிவிட்டேன்.