உஷ் டீச்சர் வாங்கிய சவுண்ட் கார்டு

"பாட்டெல்லாம் வேணாங்க, நிறுத்துங்க. ஒண்ணும் ஓடாதப்ப எப்படியிருக்குன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, உஷ் டீச்சர் துணிப்பையிலிருந்து தன் சொந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். கடையில் தொங்கும் ஹெட்போன்களை அவர் தொடுவதில்லை. எதையும் இனிப்புத் தடவிக் கொடுக்கும் பொய்யர்கள் அவை என்பது அவர் எண்ணம். கண்ணை மூடினார். வலது கை மட்டும் மேசைமேல் மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்தது. முகம் சுளித்தது.

"கிர்ருங்குது. மவுஸை நகர்த்தினா கிர்ரு, நிறுத்தினா நிக்குது. அடுத்ததைக் காட்டுங்க."

கடைக்காரர் பளபளக்கும் பெட்டி ஒன்றைப் பிரித்தார். "இது தியேட்டர் எஃபெக்ட், டீச்சர். கார்டே கலர் கலரா மின்னும்."

"காதுக்கு எதுக்குங்க லைட்டு? கண்ணாலயா கேக்கப் போறோம்?"

வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்பும் நர்ஸுகளை மொழித் தேர்வுக்குத் தயார் செய்யும் பயிற்சி மையம் ஒன்றில், கேட்டு எழுதும் அறை அவர் பொறுப்பு. கணினியில் உரையாடல் ஓடும். அது ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி வழியாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் காதுகளுக்குப் போகும். அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்துவார். வளையல்களைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடச் சொல்வார். யாராவது நாற்காலியை இழுத்தால் 'உஷ்' என்று உதட்டுக்கு விரல் போய்விடும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வீட்டிலும் இதே கதை. "எங்க வீட்ல டம்ளரைக்கூட தூங்கற குழந்தையை இறக்கி வைக்கிற மாதிரிதான் வைக்கணும்" என்பார் அவர் கணவர், அதையும் அடிக்குரலில்.

சவுண்ட் கார்டு விவகாரம் ஒரு மாதிரித் தேர்வில் தொடங்கியது. கேட்டு எழுதும் பகுதியில் கடைசி வரிசைப் பெண்கள் மொத்தமாகக் கவிழ்ந்தார்கள். மேலாளர் விடைத்தாள்களைப் புரட்டிவிட்டு, வானிலை சொல்வதுபோல் சொன்னார்: "எல்லாம் கிராமத்து ஸ்கூல் பொண்ணுங்க, டீச்சர். காது பழகல. இந்தத் தடவை பரீட்சைக்கு அனுப்ப வேணாம். ஆரம்ப வகுப்புல உக்காந்து அடுத்த வருஷம் எழுதட்டும்."

டீச்சருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சார், கடைசி வரிசையில அந்தக் குழந்தை வார்டு நர்ஸ் பொண்ணு இருக்காளே, குழந்தை நெஞ்சுல காதை வச்சா சளி எந்தப் பக்கம்னு சொல்றவ. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே சொல்றவ. அவளுக்கா காது பழகல?"

அன்று எல்லோரும் போனபின் அவரே கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பேச்சுக்கு அடியில் ஈ மொய்ப்பதுபோல ஓர் இரைச்சல். மவுஸ் அசைந்தால் அது பல்லைக் கடித்தது. சொற்களின் வால்கள் அதில் கரைந்து போயின. முன்வரிசைக்காரர்களுக்கு அது ஏற்கெனவே வாயில் புழங்கிய மொழி. வால் இல்லாவிட்டாலும் தலையைப் பார்த்து ஊகித்துக்கொள்வார்கள். தட்டித் தடவிக் கற்றவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் வேண்டும். ஓர் இயந்திரத்தின் கோளாறு இப்படித்தான் ஆளின் குறையாக எழுதப்படுகிறது. அதிலும் பஸ் ஏறி வந்து படிக்கிறவர்களின் தலையில் பழியை இறக்கிவைக்க எவரும் இரண்டாவது முறை யோசிப்பதில்லை.

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றார். "கம்ப்யூட்டர் மதர்போர்டிலேயே இருக்கிற சவுண்டு சார் இது. பக்கத்துல ஃபேன் ஓடுது, கரண்ட் ஓடுது. சந்தைக்கு நடுவுல நின்னு ரகசியம் பேசற மாதிரி. சத்தத்தை வெளிச்சமா வெளிய அனுப்பற கார்டு இருக்கு. வெறும் எண் கணக்கா போயி, நம்ம ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலதான் சத்தமா மாறும். நடுவுல இரைச்சல் ஒட்டாது."

"வாங்குங்க. சனிக்கிழமை திரும்ப டெஸ்ட். அதுலயும் தேறலைன்னா ஆரம்ப வகுப்புதான். அப்புறம் கார்டு, காதுன்னு என்கிட்ட வரக்கூடாது."

அதனால்தான் கடையில் இந்தப் பாடு. கடைசியில் விளக்கும் இல்லாத, பகட்டும் இல்லாத ஒரு மொட்டைக் கார்டைக் கடைக்காரர் எடுத்தார். அதன் துளையிலிருந்து மெல்லிய சிவப்பு ஒளி வந்தது. தன்னிடமிருந்த ஒளிக்கம்பியால் அதைக் கடையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு இணைத்து, டீச்சரின் ஹெட்போன் ஒயரை அந்தப் பெட்டியில் சொருகினார். டீச்சர் மவுஸால் மேசையை உழுதெடுத்தார். காதில் ஒரு பொட்டுச் சத்தமில்லை. "இதான்."

"பாட்டு போடாம சவுண்ட் கார்டு வாங்கற ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்" என்று கடைக்காரர் கார்டோடு புதுக் கம்பி ஒன்றையும் பொட்டலம் பிரிக்காமல் கொடுத்தார்.

சனிக்கிழமை. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை வார்டு நர்ஸ் பொண்ணு ஆஸ்பத்திரி உடுப்பிலேயே வந்திருந்தாள். டீச்சர் எல்லாவற்றையும் இணைத்துவிட்டுக் கண்ணை மூடி மவுஸை அசைத்தார். முகம் மலர்ந்தது. "கேளுங்க சார். கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி அமைதியா இருக்கு. ஒரு இரைச்சல் இருக்கா?"

மேலாளர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். தலையாட்டினார். டீச்சர் உரையாடலை ஓடவிட்டார். அப்போதும் அதே கிணற்று அமைதிதான்.

"பிரமாதமான கார்டு டீச்சர்," என்றார் மேலாளர். "இரைச்சலும் இல்ல, பேச்சும் இல்ல."

பெண்களில் யாரோ சிரித்து, சட்டென்று விழுங்கினார்கள். டீச்சர் போனை எடுத்துக் கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பி முனையில சின்னதா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே டீச்சர், கழட்டினீங்களா?" என்றார்.

கழற்றவில்லை. மூடியோடு அழுத்திச் சொருகியிருந்தார். வெறுமையை மட்டுமே கேட்டுக் கேட்டுப் பழகிய காது, வராத பேச்சை நல்ல கார்டு என்று நம்பிவிட்டது. "என் புத்தி!" என்று தலையில் தட்டிக்கொண்டு, அரிசியளவு மூடியைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி சொருகியபோது 'டிக்' என்றது. கடைசி வரிசையில் நர்ஸ் பொண்ணு பேனாவை எடுத்தாள்.

கடைசி வரிசையில் ஒருத்தி தவிர எல்லோரும் தேறினார்கள். ("அவ படிக்கல. அது வேற" என்றார் டீச்சர்.) நர்ஸ் பொண்ணின் தாள் மேலாளர் கையில் வெகுநேரம் இருந்தது. பரீட்சைக்கு எல்லோரையும் அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "பாருங்க, இத்தனை நாள்ல காது பழகிடுச்சு" என்றார்.

டீச்சர் எழுந்தார். கணினியின் பின்னால் குனிந்து ஒளிக்கம்பியை உருவினார். பழைய ஒயரைத் தேடியெடுத்துப் பழைய துளையிலேயே சொருகினார். கடைசி வரிசை நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். ஹெட்போனை எடுத்து நீட்டினார். அவர் மாட்டிக்கொண்டதும் உரையாடலை ஓடவிட்டு, மவுஸை மெதுவாக உருட்டத் தொடங்கினார்.

"என்ன டீச்சர் இது, நடுவுல கிர்ருன்னு..."

டீச்சர் இடது கை விரலை உதட்டில் வைத்தார். வலது கை மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தது.